இளைப்புச் சத்தம் இல்லாத கேசட்

பிர்தௌஸின் கன்னம் உருண்டு வந்தபோது முதலில் பூரித்துப் போனது அவளுடைய மாமியார் ஆபிதா பீவிதான். நிக்காஹ் முடிந்து மேலப்பாளையத்து வீட்டுக்குள் கால் வைத்த அன்று மருமகள் குச்சியாக இருந்தாள். இந்தப் பெண்ணுக்குச் சோறு போட்டார்களா இல்லையா என்று பக்கத்து வீட்டு ரைஹானத் கேட்டது ஆபிதா பீவிக்கு மறக்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் அதே மருமகள் தளதளவென்ற முகத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள் என்றால் சும்மாவா? எல்லாம் என் கைச் சோறு என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோறாவது ஒன்றாவது. அத்தனையும் மாத்திரை.

ஜன்னத்துல் பிர்தௌஸ் என்பது முழுப்பெயர். ஊர் ஏர்வாடி. எட்டு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு. பனி இறங்கினால் போதும், நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் அது விழுந்தால் அதோடு சம்பந்தம் முறிந்தது. அதனால் மேலப்பாளையத்துக்காரர்கள் பார்க்க வந்த அன்று காலையில் அவளுடைய உம்மா மருந்துக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். மிளகு அளவில் வெள்ளை மாத்திரைகள். டாக்டர் சீட்டும் இல்லை, மாத்திரைக்குப் பெயரும் இல்லை. இரண்டை விழுங்கினாள், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் நெஞ்சு துடைத்துவிட்டாற்போல ஆகிவிட்டது. இளைப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காதும் காதும் வைத்தாற்போல அதை மறைத்தே கல்யாணத்தை முடித்தார்கள்.

மாப்பிள்ளை மைதீன் பிச்சைக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. நாற்பது நாள் லீவில் வந்தவன். பொட்டலம் இரண்டே நாளில் தீர்ந்துவிட, மீதி நாளெல்லாம் அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சமாளித்தாள். நாற்பத்தோராம் நாள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும், அழுகை ஒரு பக்கம் இருக்க, அப்பாடா என்றுகூட இருந்தது அவளுக்கு. அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டாள்.

அப்புறம் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் கேசட்டில்தான். ஊருக்கு வருகிறவர் கையில் அவன் பேசிய கேசட் வரும். போகிறவர் கையில் இங்கிருந்து ஒன்று போகும். அதில் அந்தரங்கம் ஏது? வந்த கேசட்டை நடுவீட்டில் டேப்ரிக்கார்டரில் போட்டால் ரைஹானத் முதற்கொண்டு தெருவே வந்து உட்கார்ந்துவிடும். பதில் பேசும்போதும் அப்படித்தான். ஆபிதா பீவி ஒரு பக்கம் முழுக்க வீட்டுக்கதை, ஊர்க்கதை பேசிவிட்டு, 'இந்தா, நீயும் ரெண்டு வார்த்த பேசு' என்று நீட்டுவாள். பத்துக் கண்கள் பார்த்திருக்க என்னத்தைப் பேசுவது? நான் நல்லா இருக்கேன், நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. அவ்வளவுதான்.

முதல் கேசட்டைப் பதிவாகியிருக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிர்தௌஸின் குரலுக்குப் பின்னால் கொர்கொர் என்று ஒரு சத்தம். டேப் கெட்டுவிட்டது என்று ஆபிதா பீவி பஞ்சால் துடைத்தாள். அது எதன் சத்தம் என்று பிர்தௌஸுக்குத் தெரியும். அன்றைக்கே உம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த மாதத்திலிருந்து மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் உம்மா கொண்டுவரும் முறுக்கு டின்னின் அடியில் ஒரு பொட்டலம் இருக்கும்.

ஆரம்பத்தில் கேசட் பேசும் நாளில் மட்டும்தான் போட்டாள். ஆனால் பகலெல்லாம் மடியில் சுளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு பீடித்தூளில் முகத்தைக் கவிழ்த்து வேலை பார்க்கிறவளுக்கு இளைப்பு நாள் பார்த்தா வரும்? தினம் ஒன்று என்றானது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாயிற்று. கேசட்டில் அவள் குரல் மணி மாதிரி இருந்தது.

உடம்புதான் அவளுடையதாக இல்லை. கன்னம் உப்பி வாய் சிறுத்துப்போயிற்று. மேலுதட்டில் பூனைமயிர். பிடரியில் ஒரு திரட்சி. கையும் காலும் சூம்பிப்போக, வயிறு மட்டும் முன்னால் தள்ளியது; அதில் கத்தரிப்பூ நிறத்தில் வரிவரியாகக் கோடுகள். குளிக்கும்போது அவள் கீழே குனிந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு போட்டோ அனுப்பு என்று அவன் இரண்டு கேசட்டில் கேட்டுவிட்டான். அவள் அனுப்பவில்லை.

அந்த வருஷம், தொண்ணூற்றைந்தில், ரம்ஜான் பனிக்காலத்தில் வந்தது. பெண்களுக்கு மாதாமாதம் வருகிற நாட்களில் நோன்பு கிடையாது. விட்ட நோன்பைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். எந்த வீட்டிலும் மாமியார் கண்ணுக்கு அது தப்பாது. பிர்தௌஸோ ஒரு நாள் விடாமல் முப்பதும் பிடித்தாள். மாதவிலக்கு நின்று நாலு மாதமாகிறது. அவளுக்கு விடுவதற்கு நாளே இல்லை. இதை யோசித்திருந்தால் இரண்டு நாள் நடித்தாவது இருப்பாள். இளைப்பை மறைக்கத் தெரிந்தவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் ஆபிதா பீவி கதவைச் சாத்தினாள்.

"ஏளா, முப்பது நோம்புல ஒண்ணுகூட நீ விடலியே. எம் மவன் போயி ரெண்டு வருசமாச்சு. வயித்துல என்னது அது?"

இளைப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறைத்துக் கட்டிக்கொடுத்தது வெளியே வரும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், உம்மாவின் தலை ஏர்வாடியில் நிமிராது. இதற்குப் பயந்து அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பேசாமல் நிற்கிறவளைப் பார்த்தால் மாமியார் என்ன நினைப்பாள்? அதையேதான் நினைத்தாள். கூனிக்குறுகி நின்ற பிர்தௌஸுக்கு அதுவும் புரிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் இருவரும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனார்கள். டவுன் பஸ்ஸில் இடம் இருந்தும் ஆபிதா பீவி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

சிறுநீர்ச் சோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஆபிதா பீவி சுவரில் சாய்ந்துவிட்டாள். டாக்டர் சாயவில்லை. அந்த வரிகளைப் பார்த்தார், பிடரியைத் தடவினார், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்றார். ஒன்றும் இல்லை என்றாள் பிர்தௌஸ். டாக்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"பயந்துபோயி இன்னைக்கே மாத்திரையை நிப்பாட்டிருவே. நிப்பாட்டினா உயிருக்கே ஆபத்து. எத்தனை வருசமா, எத்தனை மாத்திரை, சொல்லிரும்மா."

சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்றிலிருந்து என்று ஆரம்பித்து, முறுக்கு டின் வரைக்கும், மாமியாரை வைத்துக்கொண்டே சொன்னாள்.

சிறுநீரகத்துக்கு மேலே சுண்டுவிரல் அளவில் இரண்டு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஊறுகிற ஹார்மோனைப் போன்றதைத்தான் மாத்திரையாகச் செய்திருக்கிறார்கள். அளவோடு கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து. இவள் உடம்போ அளவுக்கு மேல் அதில் ஊறிக்கிடக்கிறது. இந்த உருண்டை முகமும் வயிறும் அதனால் வந்தவை. வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்ததால் சுரப்பி தூங்கிப்போய்விட்டது. அதைப் பையப்பைய எழுப்ப வேண்டும். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாயில் வைத்து இழுக்கும் பம்ப்பைப் பழக வேண்டும், பீடித்தூள் பக்கமே போகக்கூடாது. டாக்டர் இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னார்.

திரும்பும்போது ஆபிதா பீவி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பஸ் மேலப்பாளையத்தை நெருங்கியது. அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் ஒங்கிட்ட கேட்டத எம் மவங்கிட்ட சொல்லிராதளா."

இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியது. வீட்டுக்கு வந்ததும் ஆபிதா பீவி மருமகளின் சுளவை எடுத்துப் பரணில் போட்டாள்.

மாத்திரை குறையக் குறைய இளைப்பு எட்டிப் பார்த்தது. அடுத்த கேசட் பேசும் நாளில் ஆபிதா பீவி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட்டு, தானும் வெளியே போய்விட்டாள். பிர்தௌஸ் மூச்சை மறைக்கவில்லை. எனக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு, மறைச்சுத்தான் கட்டிக்கொடுத்தாங்க, முகமும் இப்போ பழைய முகம் இல்லை, வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள் என்று பேசி முடித்தாள். மாமியார் கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கம்போல ரைஹானத் வந்து உட்கார்ந்தாள். முதல் வார்த்தையே, உம்மா, இதை அவள் மட்டும் கேட்கட்டும் என்றிருந்தது. ஆபிதா பீவி சட்டென்று நிறுத்திவிட்டு, டேப்ரிக்கார்டரை அறையில் கொண்டு வைத்துக் கதவைச் சாத்தினாள். பிர்தௌஸ் பொத்தானை அழுத்தினாள்.

"கல்யாணமான மூணாவது நாளே எனக்குத் தெரியும், பிர்தௌஸு. நான் தூங்குதேன்னு நீ நெனச்சே, நான் முழிச்சுக் கெடந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். கேட்டா கூசிப்போவியோன்னு கேக்கல. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். கேசட்டுல எப்படிக் கேக்க, ஊரே உக்காந்திருக்கும். ஒவ்வொரு கேசட்டுலயும் நீ பேசுனத விட்டுட்டு ஒம் மூச்சத்தான் காது வச்சுக் கேட்டேன். சத்தம் இல்லன்னதும் கொணமாயிட்டுன்னு சந்தோசப்பட்டேன்."

அப்புறம் அவன் என்னென்னவோ பேசினான். பம்ப் வாங்கி அனுப்புவதாகவும், லீவு கேட்டிருப்பதாகவும். பிர்தௌஸுக்குப் பாதி காதில் ஏறவில்லை. யார் காதில் விழக்கூடாது என்று உடம்பையே கெடுத்துக்கொண்டாளோ, அவன் அதற்காகவே காதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

கதவுக்கு வெளியிலிருந்து ஆபிதா பீவி மெதுவாகக் கேட்டாள், "என்னளா சொல்லுதான்?"

"மொதல்லயே தெரியுமாம், மாமி" என்றாள் பிர்தௌஸ். அறைக்குள் வேறு யாரும் இல்லை. ஆனாலும் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.