அப்பா திருப்பிய சின்னச் சாவி

பத்து வருடம் இருக்கும். அப்போது நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். நான் காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் பெண்கள் எதற்கெல்லாமோ ஏங்குவார்கள். எனக்கு இருந்த ஏக்கம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளாவது மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனபோது தவறி விழுந்து, முகவாய் ரோட்டில் மோதிவிட்டது. காயம் ஆறிவிட்டது. ஆனால் கீழ்த்தாடை அதற்குப் பிறகு சரியாக வளரவில்லை. நான் வளர்ந்தேன், தாடை மட்டும் குழந்தைத் தாடையாகவே உள்ளே தங்கிவிட்டது. நாக்குக்கு அங்கே இடம் போதவில்லை. மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும், மூச்சு நிற்கும், திணறிக்கொண்டு எழுந்து உட்காருவேன். அதனால் ஒருக்களித்தோ, சுவரில் சாய்ந்தோதான் தூக்கம். அதுவும் அரைகுறைத் தூக்கம். காலையில் முதல் வகுப்பிலேயே கண் சொக்கிவிடும். தோழிகள் எனக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நான் கண்ணசந்தால் போதும், பக்கத்தில் வந்து என் மூக்குக்குக் கீழே ஒரு விரலை நீட்டி, மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத ஆயில் வாசனை அந்த விரலில் இருக்கும். சில சமயம் அந்த வாசனையிலேயே விழித்துக்கொண்டு, “போப்பா, இருக்கேன் நானு” என்று எரிந்து விழுவேன். சைக்கிளைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் நான் விழுந்த பிறகு அவர் சைக்கிளே ஏறவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை தோழிகளோடு பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். சாயங்கால நேரம். எல்லோரும் மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேகத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நான் மட்டும் அவர்கள் செருப்புகளுக்குக் காவல்போல உட்கார்ந்திருந்தேன். அண்ணாந்து பார்த்தால் எனக்கும் அதே வானம்தான். ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அழுததில்தான் அப்பா என்னைத் தாடை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் எளிமையாகச் சொன்னார்: “தாடையை முன்னாடி கொண்டுவந்தா, அதோட சேர்ந்து நாக்கும் முன்னாடி வரும். பின்னால மூச்சுப் போற வழி விரியும்.” தாடை எலும்பை இரண்டு பக்கமும் வெட்டி, ஒரு ஸ்குரூ கருவியைப் பொருத்துவார்களாம். அதன் முனை தாடைக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்னச் சாவியால் காலையும் மாலையும் இத்துனூண்டு திருப்ப வேண்டும். வெட்டிய இடம் மெல்ல மெல்ல விலகும், அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும்.

“வீட்ல யாரு திருப்புவீங்க?” என்று டாக்டர் கேட்டார். கூட வந்திருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா கையை நீட்டிவிட்டார்.

“ஸ்குரூதான சார்? நமக்குத் தொழிலே அதான்.”

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு காலையும் மாலையும் அப்பா குளித்து, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு என் முன்னால் உட்காருவார். சாவி திரும்பும்போது காதுவரை இழுக்கும். ஆனால் உடனே அந்த இழுப்பு தளர்ந்துவிடும். பரவாயில்லையே, இவ்வளவுதானா வலி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது எக்ஸ்ரே பார்த்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. தாடை வந்திருக்க வேண்டிய தூரத்தில் பாதிகூட வரவில்லை. சாவியை அப்பா கையில் கொடுத்து, “எப்படித் திருப்புறீங்க, காட்டுங்க” என்றார். அப்பா முன்னால் திருப்பினார். பிறகு, தானாகக் கொஞ்சம் பின்னால் திருப்பினார்.

“ஏன் பின்னாடி திருப்புறீங்க?”

அப்பா விழித்தார். “இரும்புல மரை வெட்டறப்ப அப்படித்தான் சார் செய்வோம். முன்ன ஒரு சுத்து போனா, பின்ன கொஞ்சம் வரணும். இல்லாட்டி இரும்புப் பிசிறு சிக்கி, வெட்டற டூல் உடைஞ்சி போயிடும்.”

“இது இரும்பு இல்லய்யா. விலகாம நின்னா எலும்பு அங்கேயே இறுகிடும். அப்புறம் மறுபடியும் வெட்டணும்.” நல்லவேளை, இன்னும் இறுகவில்லை என்றும், இனி ஒரு தடவைகூடப் பின்னால் போகக் கூடாது என்றும் எச்சரித்து அனுப்பினார்.

மறுநாள் காலை சாவியோடு உட்கார்ந்த அப்பா, “என்னால முடியாதும்மா. நர்ஸ் பொண்ணு யாரையாவது வரச் சொல்லட்டா? ரெண்டாவது தடவயும் எங்கையாலயே உனுக்கு...” என்று நிறுத்திக்கொண்டார். அந்த முதல் தடவை எது என்று எனக்குத் தெரியும்.

தாடையில் கருவி இருந்ததால் எனக்குப் பேச்சு குழறும். இருந்தாலும் அவர் விரல்களைச் சாவியோடு சேர்த்து மூடி, “நீதாம்ப்பா திருப்பணும். நான் மல்லாந்து படுக்கணும்” என்றேன்.

திருப்பினார். அத்தனை வருடத் தொழில் பழக்கம், கை தானாகப் பின்னால் போகத் துடித்தது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலியில் எனக்குக் கண்ணீர் கொட்டியது. அவருக்கும்தான். ஆனால் சாவி பின்னால் போகவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கருவியைக் கழற்றினார்கள். கண்ணாடியில் முகவாய் என்று ஒன்று தெரிந்தது. டாக்டர் புதுப் படத்தைக் காட்டினார். நூலாக இருந்த மூச்சுப்பாதை விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. இனி எப்படி வேண்டுமானாலும் படுக்கலாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்புச் சாப்பாடு முடிந்ததும், தலையணைகூட இல்லாமல் வெறும் சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்தேன். மின்விசிறி நேராக என் முகத்துக்கு மேலே சுற்றியது. அதை அப்படிப் பார்த்ததே இல்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். விரல் மட்டும் என் மூக்குக்குக் கீழேயே இருந்தது. அன்றைக்கு நான் எரிந்து விழவில்லை. அவராக எழும்வரை அசையாமல் படுத்திருந்தேன்.

போன வருடம் அப்பா போய்விட்டார். நான் இப்போது தினமும் மல்லாந்துதான் தூங்குகிறேன், மூச்சு தாராளமாக வருகிறது. ஆனாலும் கண் மூடியதும், அந்த ஆயில் வாசனை விரல் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் தூங்காமல் காத்திருக்கிறேன்.