பல்புக்கென்று வாங்கிய வயர்

எதற்கு வயர் என்று கடைக்காரர் கேட்டால் உள்ளதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. யார்மேல் என்பதுதான் மாறியிருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த சித்தி, அந்த வீட்டார் கழித்துப் போட்ட கரண்ட் அடுப்பு ஒன்றைத் தீபாவளிக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, அதன் பிறகு தேயிலைக் கொழுந்தெடுக்க ஓடுகிறவள் அவள். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் இருந்த ஒரே பிளக் முன்னறையில், டீவிக்குப் பக்கத்தில். அடுப்போ பின்னால் குசினியில். நடுவே வயர் இழுக்க வேண்டும். லயத்தில் பல்பும் டீவியும் தவிர வேறெதுவும் போடக்கூடாது, போட்டால் கரண்டை வெட்டிவிடுவோம் என்று தோட்ட நிர்வாகத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக நாங்கள் குடியிருக்கும் வீட்டில் எது எரியலாம், எது எரியக்கூடாது என்று அவர்கள்தான் சொல்வார்கள்! பெரியவர்கள் இதைக் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பலாங்கொடைக்குப் பஸ் ஏறினார். வயர் கடைக்கார நானா இரண்டு சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் வெள்ளை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிப்பு. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நானா நுனியைச் சீவிக் காட்டினார். ஒன்றில் முடி போலப் பத்து இழைகூட இராது, மீதியெல்லாம் பிளாஸ்டிக். மற்றதில் செம்பு நெருக்கமாகத் திரண்டிருந்தது.

"பல்புன்னா இது போதும். அடுப்பு, அயன் பெட்டின்னா மத்ததைத்தான் எடுக்கணும். மெல்லிசு சூடு தாங்காது. எதுக்கு எடுக்கிறீங்க?"

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? எனக்கே புரிந்தது, அப்பாவுக்குப் புரியாதா? அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் தோட்டத்து உதவி மேனேஜர், சின்னதொரை, கடைக்குள் வந்தார். பெயிண்ட் கலக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பாவைப் பார்த்து, "மொகடத? எதுக்கு, லயத்துக்கா வயர்?" என்று சிங்களமும் தமிழும் கலந்து, சிரித்த முகத்தோடு கேட்டார்.

"பல்புக்குங்க சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பா, அடு..." என்று தொடங்கினேன். அவர் என் காலை மிதித்தார். சும்மா இல்லை, செருப்பு பதிய மிதித்தார்.

நானா அப்பாவை ஒருமாதிரிப் பார்த்தார். "பல்புக்கு மட்டும்தானா? யோசிச்சுச் சொல்லுங்க. வெட்டினா திருப்பி எடுக்க மாட்டேன்."

"பல்புக்குத்தான் நானா. மெல்லிசே வெட்டுங்க."

பொய்! அதுவும் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு பொய். சின்னதொரை எழுந்து போகும்வரை நின்றிருக்கலாம். ரெண்டு மணி பஸ்ஸை விட்டால் தோட்டத்துக்கு வேறு பஸ் இல்லையென்று என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். பஸ்ஸில், "நானா அவ்வளவு சொன்னாரேப்பா?" என்றேன். "ரெண்டும் வயர்தானே. வாயை மூடிக்கிட்டு வா" என்றார்.

அன்று மாலையே வயரை இழுத்துக் கட்டினார். மிஞ்சியதை வெட்ட மனசில்லாமல் வட்டமாகச் சுருட்டி ஆணியில் மாட்டினார். அம்மா அரிசியைப் போட்டுவிட்டு, புகையில்லாத குசினியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தாள். சோறு கொதிக்கும் நேரம் நாற்றம் அடித்தது. சுருட்டிய வயர் உருகிச் சொட்டியது. மேலே கூரைச் சட்டம், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. பற்றியிருந்தால் லயமே போயிருக்கும். அப்பா மலைத்து நிற்க, அம்மாதான் முன்னறைக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினாள். பிளக் பக்கமும் இளகியிருந்த வயர் அவளுடைய வலது கையில் மூன்று விரல்களில் ஒட்டிக்கொண்டது. கொழுந்தெடுக்கிற கை!

அவள் விரல்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் விடவில்லை. நானா சொன்னது, அப்பா புளுகியது, காலை மிதித்தது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சின்னதொரை அங்கனயே இருந்தாரா?"

"ஆமா, நாற்காலியில உக்காந்திருந்தாரு. அதுக்கும் இதுக்கும் என்னா?"

அவள் எழுந்து சோற்றை விறகடுப்பில் ஏற்றி வேகவைத்தாள். அப்பாவிடம் "சாப்பிட வாங்க" என்று சொல்லி, இடது கையால் போட்டாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். என்ன அநியாயம் இது! விரல் வெந்தவளே பொய்க்காரர் பக்கம் சேர்ந்துகொண்டால் நான் யாரிடம் நியாயம் கேட்பேன்?

மறுநாள் அம்மா விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். நான் அப்பாவோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடம் போகும்போது சின்னதொரையின் ஜீப் வந்தது. ஓரமாக ஒதுங்கி, "குட் மோர்னிங் சார்" என்றேன். அவர் என்னை அடையாளம் கண்டு வண்டியை மெதுவாக்கினார்.

"எப்படி, புது பல்ப் நல்லா எரியுதா?"

"எரியுது சார்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் அப்பா சொன்ன பொய்யை நினைத்துப் பொருமிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.