மாமியின் இத்தாவும் காற்றுப் போன டயரும்

மாமி இத்தா இருந்த மூன்றாவது மாதத்தில் எங்கள் காரின் பின்பக்கத்து டயர் காற்றுப் போனது. நுரைச்சோலை தாண்டி, பாலாவிக்கு இன்னும் தூரம் இருந்தது. ஒரு பக்கம் வீதி, மறுபக்கம் மணலும் பற்றைக்காடும். காலை ஒன்பது மணி வெயில். காருக்குள் நானும் மாமியும் மட்டும்தான்.

இத்தா என்றால், கணவன் மௌத்தாகி இறந்துபோனால் நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. மருந்துக்காகப் போகலாம், அதற்குத் தடையில்லை என்று மௌலவி சொன்ன பிறகும் மாமி ஒரு கிழமை யோசித்தார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. புத்தளத்து கண் டொக்டரை அன்றைக்குக் காட்டாவிட்டால் இன்னும் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. நான் பிடித்த பிடியில்தான் சம்மதித்தார். அதுவும் ஒரு நிபந்தனையோடு. பின்பக்கத்து யன்னல்களுக்குப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு, உடுப்புக் கவ்விகளால் இறுக்கி, முன் இருக்கைக்குப் பின்னாலும் ஒரு துணி கட்டினேன். ஆலங்குடாவிலிருந்து கார் புறப்பட்டபோது தெருவில் நின்றவர்கள் ஏதோ கல்யாண ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள்.

மாமி ஏன் இவ்வளவு கறாராக இருந்தார் என்று எனக்குத் தெரியும். மாமா மௌத்தான நேரத்தில் மாமி பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண்விழித்துவிட்டு, குளித்து உடுப்பு மாற்றி வரலாம் என்று வீட்டுக்கு வந்தார். அந்த இடைவெளியில் எல்லாம் முடிந்துவிட்டது. "இனி அவருக்கு நான் செய்யிறதுக்கு மிஞ்சினது இது ஒண்டுதான் புள்ள. இதையாவது ஒரு குறையும் இல்லாமச் செய்து முடிக்கோணும்" என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

டயர் மாற்றுவது எப்படி என்று மாமியின் மகன், கட்டாரில் இருக்கும் என் கணவர், போனில் பாடம் நடத்தியிருந்தார். நான் கோழிக்கறியைக் கிளறிக்கொண்டே "ஓம், ஓம்" என்று கேட்டேன். மண்டையில் ஒட்டியது ஒன்றே ஒன்று: ஆளை உள்ளே வைத்துக்கொண்டு காரைத் தூக்கக்கூடாது.

"மாமி, இறங்குங்க. ஜெக் வைக்கோணும்."

"றோட்டுல வாகனம் போகுது. நான் இறங்க மாட்டன். நீ தூக்கு, நான் அசையாம இரிக்கிறன்."

"உள்ள ஆள் இருந்தா ஏலாது மாமி."

"ஏலும். நான் என்ன, உப்பு மூட்டையா?"

எனக்கு மூக்கின் நுனியில் கோபம். வாய் திறந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து ஜெக்கை எடுத்து மணலில் வைத்தேன். எங்கே வைப்பது என்று பார்க்கவில்லை. காருக்கு அடியில் முதலில் கண்ட தகட்டில் வைத்துச் சுற்றத் தொடங்கினேன். கார் எழும்பவில்லை. ஜெக்தான் மணலுக்குள் இறங்கியது. விடாப்பிடியாகச் சுற்றினேன். கார் கொஞ்சம் எழும்பியது. உடனே தகடு நெளிகிற சத்தம் கேட்டது, ஜெக் சாய்ந்தது, கார் பக்கவாட்டில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு விழுந்தது. உள்ளே இருந்து "யா அல்லாஹ்" என்று ஒரு சத்தம்.

கதவைத் திறந்து பார்த்தேன். மாமி இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கையால் காட்டினார். கோபத்தில் நான் செய்த காரியத்தில் அவருக்கு ஏதாவது நடந்திருந்தால்?

அப்போதுதான் கற்பிட்டிப் பக்கமிருந்து வெங்காயம் ஏற்றிய ஒரு சின்ன லொறி வந்து நின்றது. மூன்று பேர் குதித்து இறங்கினார்கள். நான் கையை விரித்துக்கொண்டு ஓடினேன்.

"கிட்ட வராதீங்க நானாமாரே! உள்ள மாமி. இத்தாவுல இரிக்கிறா."

முன்னால் வந்த சாரதி நின்ற இடத்திலேயே முதுகைக் காட்டித் திரும்பினார். இரண்டாவது ஆளும் திரும்பினார். மூன்றாமவர் சிங்களவர். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாரதி சிங்களத்தில் இரண்டு வசனம் சொன்னார். அவர் "ஆ" என்று தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார்.

மூன்று முதுகுகளோடு நான் என்ன கதைப்பது? சாரதிதான் வழி சொன்னார். லொறியில் வெங்காயத்துக்கு மேல் போட்டிருந்த தறப்பாளை இழுத்து எடுத்தார்கள். முதுகைக் காட்டியபடி பின்பக்கமாகவே நடந்து வந்து, எங்கள் காரின் வீதிப் பக்கம் முழுவதும் மறையும்படி, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்ப அவவை இறக்குங்க தங்கச்சி. ஆள் உள்ள இருக்கக்குள்ள தூக்கினா உசிருக்கு ஆபத்து."

மாமி தறப்பாளையும் அதன் மேல் விளிம்பைப் பிடித்திருந்த ஆறு கைகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெள்ளைச் சேலையைத் தலையில் இழுத்துவிட்டு இறங்கினார். இத்தா தொடங்கிய பிறகு முதல் தடவையாக வீட்டு முற்றத்துக்கு வெளியே மண்ணில் கால் வைத்தார்.

அதன் பிறகு தறப்பாளுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஹேன்ட் பிரேக் இழுத்திருக்கா? கியர்ல போடுங்க. முன் டயருக்கு ரெண்டு பக்கமும் கல்லு வைங்க."

வைத்தேன்.

"தூக்க முந்தி நட்டுகளக் கொஞ்சம் தளத்துங்க. தூக்கினாப் பிறகு தளத்தப் போனா கார் ஆடும்."

மூன்று நட்டு தளர்ந்தது. நாலாவது அசையவில்லை. நட்டுக் கழற்றும் சாவியின் பிடி மேல் ஏறி நின்றும் பார்த்தேன். அப்போது மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, என் காலுக்குப் பக்கத்தில் தன் காலையும் வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து மிதித்தோம். கிறீச்சென்று தளர்ந்தது. மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமாவின் மௌத்துக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது.

தறப்பாளுக்குக் கீழால் ஒரு கால் ஒரு பலகைத் துண்டை உள்ளே தள்ளியது. "மணல்ல ஜெக் நிக்காது. இதுக்கு மேல வைங்க. கதவுக்குக் கீழ விளிம்பத் தடவிப் பாருங்க, ரெண்டு வெட்டு இரிக்கும். அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் வைக்கோணும். வேற எங்க வைச்சாலும் தகடு நெளியும்."

நெளித்தாயிற்று என்று நான் சொல்லவில்லை. குனிந்து தடவினேன், எனக்கு அகப்படவில்லை. மாமி மெதுவாகக் குந்தி, கையை அடியில் விட்டு ஓட்டினார். கண்ணுக்குத் தெரியாததை விரலால் பார்த்துப் பழகியவர். "இந்தா" என்று என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

இந்த முறை கார் ஆடாமல் எழும்பியது. டயர் மண்ணை விட்டதும் நிறுத்தச் சொன்னார்கள். ஜெக் சறுக்கினாலும் கார் அதன் மேல் நிற்கும் என்று, மாற்று டயரை முதலில் காருக்கு அடியில் படுக்க வைக்கச் சொன்னார்கள். பிறகு பழையதைக் கழற்றி அடியில் தள்ளிவிட்டு, மற்றதை எடுத்துப் பூட்டி, பழையதை வெளியே இழுத்து, காரை இறக்கி நட்டுகளை இறுக்கினேன்.

நடுவில் ஒரு பஸ் வந்தது. யன்னலால் எத்தனை தலைகள்! மூன்று பேரும் கால் விரல் நுனியில் எம்பி நின்று தறப்பாளை இன்னும் உயர்த்தினார்கள். அவர்களுடைய சட்டைகள் வியர்வையில் ஒட்டியிருந்தன.

மாமி உள்ளே ஏறி, நான் கவ்விகளைப் போட்டுவிட்டுச் சொன்ன பிறகுதான் தறப்பாள் இறங்கியது. பலகையைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன், அந்தச் சிங்களவர் கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"மௌத்தானது யாரு தங்கச்சி?" என்று சாரதி கேட்டார்.

"என்ட மாமா. ஆலங்குடாவுல வலை தைக்கிறவர்."

அவர் அங்கேயே கையேந்தி மாமாவுக்காக துஆ கேட்டார். மற்றவர் ஆமீன் சொன்னார். சிங்களவர் தலையைக் குனிந்து நின்றார். வெங்காயம் வெயிலில் கிடந்தது. யாரும் அவசரப்படவில்லை.

பாலாவிச் சந்தி நெருங்கியது. மாமி மனம் நொந்துவிட்டாரோ, இத்தாவில் குறை வந்துவிட்டது என்று நினைக்கிறாரோ என்று எனக்குப் பயம். "மாமி, ஒருத்தரும் உங்களக் காணல்ல" என்றேன்.

"தெரியும் புள்ள." துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவர்ட ஜனாசாவை எடுக்கக்குள்ள நான் அறைக்குள்ளதானே இருந்தன். ஆர் தூக்கினாங்க, எத்தின பேர் பின்னால போனாங்க, ஒண்டும் காணல்ல. இண்டைக்கு அவருக்காக மூண்டு பேர் கையை உயத்திக்கொண்டு வெயில்ல நிண்டதக் கண்டன்."

நான் காரை ஓரங்கட்டினேன். இரண்டு பேரும் அழுது முடித்துப் புறப்பட்டபோது கண் டொக்டருக்கு நேரம் பிந்திவிட்டிருந்தது.