மேசை மேல் களிச் சட்டி

மேசை செய்வது என் வீட்டுக்காரர், பாலீஷ் போடுவது நான். கையில் பிரஷ் இருக்கும்போது யாரும் என் பக்கத்தில் வரக் கூடாது. ஈ வந்து உட்கார்ந்தாலும் எனக்குக் கோபம் வரும்.

என் தங்கச்சி காவலூரில் பஸ் நிற்கிற இடத்தில் தள்ளுவண்டி வைத்துக் கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் விற்றாள். போன வருஷம் எதிரிலேயே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். "நின்னுக்கினு துன்றவங்க அவசரமா துன்னுட்டுப் போய்டறாங்கக்கா. உக்கார வச்சா நாளைக்கும் வருவாங்க" என்றாள். வண்டியையும் விற்றுவிட்டாள். இனி அந்த அறைதான் அவள் பிழைப்பு.

அந்த அறைக்காக இவர் பலா மரத்தில் இரண்டு மேசையும் பெஞ்சுகளும் செய்தார். புளிக்குழம்பு கொட்டும், நாளெல்லாம் ஈரத்துணி படும். அதையெல்லாம் தாங்கட்டும் என்று பி.யூ. பாலீஷ் வாங்கினேன். அதில் பாலீஷ் ஒரு டப்பா, அதை இறுக்குகிற ஹார்டனர் ஒரு டப்பா. கலந்துவிட்டால் கெட்டியாவதற்குள் அடித்துவிட வேண்டும். எங்கள் மலையில் பனி இறங்கியிருக்கும்போது அடித்தால் வெளுத்துப் போகும் என்று, வெயில் ஏறிய பிறகே டப்பாவைத் திறந்தேன். ஒரு பூச்சு காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, மறுபடி பூசினேன். கடைசிப் பூச்சில் பலாவின் மஞ்சள் எழும்பி வந்ததைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

"தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள இன்னும் இறுகல. ஒரு வாரத்துக்கு எதையும் மேல வச்சிடாதடீ" என்று தங்கச்சியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

அந்த ஒரு வாரம் முடியும் முன்பே, நல்ல நாள் பார்த்து அறையில் பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்தது. அந்தச் சந்தோஷத்தில் பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கிவந்து புது மேசையின் நடுவில் வைத்துவிட்டாள். எடுத்தபோது பாலீஷும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. மேசையில் வெள்ளையாக ஒரு வட்டம்.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது உனுக்கு?" என்று வந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன்.

"மொத பால மேசைக்குக் காட்டணும்னு தோணிச்சிக்கா" என்று அழுதாள்.

"உடு, பால் நல்லா பொங்கிச்சில்ல. மேசைய தேய்ச்சிக்கலாம்" என்றார் இவர்.

தேய்த்தோம், மறுபடி பூசினோம். ஒரு வாரத்துக்கு மேல் ஆறவிட்ட பிறகுதான் கடை திறந்தது.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அங்கே போனேன். மேசை மேல் செய்தித்தாள், அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேல் கோணி. பெஞ்சு காலியாக இருந்தது. ஒரு பஸ் டிரைவர் வாசலில் தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது?"

"சூடு பட்டு வட்டம் வந்துட்டா மறுபடியும் நீதானக்கா தேய்க்கணும். தட்ட மேல வைக்காதீங்கன்னு சொல்றேன், அவங்க வெளிய போயிடறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோணியையும் பிளாஸ்டிக்கையும் உருவிப் போட்டேன். செய்தித்தாளைக் கசக்கித் தள்ளினேன். பிறகு களி கிளறிய சட்டியை அடுப்பிலிருந்து துணி பிடித்துத் தூக்கிவந்து, வெறும் மேசை மேல் வைத்தேன்.

"ஐயோ, அக்கா!" என்று ஓடிவந்தாள்.

என் பாலீஷ் இப்போது நன்றாக இறுகியிருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. இருந்தாலும் சட்டியை மெல்லத்தான் தூக்கினேன். மேசையில் கொஞ்சம் கரியும் ஈரமும் இருந்தன. முந்தானையால் துடைத்தேன். அடியில் பலா மஞ்சளாக அப்படியே இருந்தது.

தங்கச்சி குனிந்து, அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆவலக்கா" என்றாள். கசக்கிய செய்தித்தாளைப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனாள்.

"அண்ணா, இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறீங்க? உள்ள வந்து உக்காருங்க. தட்ட மேசை மேலயே வைங்க."