பாஸ்கலின் சிமெண்டு டின்கள்

சிலிபின் வட்டாரத்தில் லாரி ஓட்டிய பாஸ்கல் எவனுடைய புஜத்தையும் நம்பியதில்லை. எழுபதுகளில் அவர் வீட்டுப் பின்பக்கம், காலி மைலோ பானத்தூள் டின்களில் சிமெண்டு ஊற்றிச் செய்த பளுவை யார் தூக்கினாலும் அவன் முழங்கை ஆடாமல் விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். “ஆட்டித் தூக்குறே மச்சான். செல்லாது லா.”

ஆயர் தாவார் தோட்டத்திலிருந்து வந்த சன்னாசி முழங்கை அசையாமல் தூக்கினான், மெதுவாக இறக்கினான், பிடியைத் திருப்பியும் தூக்கினான். தெருவின் பலசாலிப் பட்டம் தன்னிடமிருந்து போய்விடும் என்று பாஸ்கல் பயந்தார். டின்னைத் தட்டினார்.

“எவனோ சிமெண்ட எடுத்துட்டான். உள்ள காலி.”

“அப்ப நீங்க தூக்குங்கண்ணே.”

தூக்கினார். இடுப்பு பின்னால் வளைந்தது, முழங்கை முன்னால் ஓடியது.

“நான் வந்து முழங்கையப் பிடிக்கவா?” என்றாள் மனைவி கெர்ட்ரூட், அடுப்படியிலிருந்து.

“எவனோ கூட ஊத்திட்டான் லா,” என்றார் பாஸ்கல்.

அன்றிலிருந்து டின்கள் அவர் கட்டிலுக்கடியில்தான் தூங்கின.