கேட்க முடியாத சாமான்கள்

வவுனியா முகாம்களில் இருக்கும் சனங்களுக்கு லொறி போகிறது என்று போன வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவித்தார்கள். யுத்தம் முடிந்து, கையில் ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்த சனங்கள். அரிசி, கோதுமை மா, சீனி, உடுப்பு... முடிந்ததைக் கொண்டு வாருங்கள்.

அன்று அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசல் மண்டபம் நிரம்பிவிட்டது. எங்கள் சாய்ந்தமருது கொடுக்கிற ஊர்தான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதைக் கொடுக்கிறோம்?

என் பக்கத்து வீட்டு சித்தி ராத்தா ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். சித்தி என்பது பெயர், எனக்கு மூத்தவர் என்பதால் ராத்தா. தையல் வேலை செய்கிறவர். சுனாமியில் வீட்டை இழந்து, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் என்னோடு கிடந்தவர். பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்திருந்தேன்.

சாமான்களைப் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்த புடவைக்கடை ஹாஜியார் பெட்டியைத் திறந்தார். உடனே மூடினார். உள்ளே இருந்தவை பெண்களின் உள்ளாடைகளும் மாதவிடாய்க்கான பேட்களும். எல்லாம் புதியவை.

"இத இஞ்ச வெக்கேலா புள்ள" என்றார் மெதுவாக.

"ஏன் ஹாஜியார்?"

"ஆம்பிளையள் நிக்கிற இடம்."

"காம்புல இரிக்கிறது பொம்புளையளும்தானே."

"அவங்களுக்கு அரிசி இரிக்கி, உடுப்பு இரிக்கி..."

"அரிசி இல்லாட்டி பக்கத்துல கேக்கலாம். இத யார்ட்டப் போய்க் கேக்கிற?"

மண்டபத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ராத்தா குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவுமில்லை. "சுனாமி நேரம் ஸ்கூல்ல ஜன்னல் சீலையக் கிழிச்சித்தான் நாங்க சமாளிச்ச. உங்களுக்குத் தெரியா. ஏனெண்டா நாங்க வாய் திறந்து செல்லல்ல. இண்டைக்குச் செல்றன்."

உண்மை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு லொறிக்கு மேல் லொறி வந்தது. பால்மா, பிஸ்கட், போர்வை, வாளி – எல்லாம் வந்தன. பங்கு வைத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். நல்லவர்கள்தான். ஆனால் ஒரு பெண் அவர்கள் முன்னால் நின்று எப்படிக் கேட்பாள்? கிழித்த சீலையைக் கழுவிக் காயப்போட ஒரு மறைவிடம் இல்லை. ஈரத்தோடு திரும்பவும் கட்டினோம். கடல் கொண்டுபோனவர்களை நினைத்துச் சேர்ந்து அழுத நாங்கள், இதைப் பற்றி எங்களுக்குள்கூடக் கதைக்கவில்லை.

ஹாஜியார் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் சாமான் பங்கு வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

"சரி, ஏத்துவம். பெட்டிக்கு மேல சவர்க்காரம் எண்டு எழுதுங்க" என்றார்.

சோப் பெட்டியாகவாவது போகட்டும் என்று நான் 'அப்பாடா' என மூச்சு விட்டேன். ராத்தா விடவில்லை.

"சவர்க்காரம் எண்டு எழுதினா சவர்க்காரத்தோட போயிரும். மறுகா எவனாவது திறந்துபோட்டு மூலைக்குள்ள தள்ளிருவான். உள்ளதத்தான் எழுதணும்."

யாரும் எழுத முன்வரவில்லை. மார்க்கரை ராத்தாவே எடுத்தார். 'பெண்களுக்கு மட்டும். பெண்களே திறந்து கொடுக்கவும்.' கொட்டை எழுத்து. பெட்டியை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணும் படுகிற மாதிரி வைத்தார்.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். மஃரிப் தொழுகைக்குள் ஒழுங்கைக்கு ஒழுங்கை, வீட்டுக்கு வீடு கதை பரவி, பெண்கள் கறுப்புப் பைகளோடு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தேடி வந்து வைத்துவிட்டுப் போனார்கள். பெட்டி நிரம்பியதும் ஹாஜியார் தன் கடையிலிருந்து வெறும் பெட்டிகளை அனுப்பினார். வெறும் பெட்டி என்றுதான் சொன்னார்... தூக்கிப் பார்த்தால் கனத்தது.

லொறியோடு போன என் மச்சான் நேற்றுத் திரும்பி வந்தார். முகாம் வாசலில் சாமான்களைப் பொறுப்பெடுக்க ஒரு தொண்டர் பிள்ளை நின்றாளாம். மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவள் இந்த எழுத்தைக் கண்டதும் நின்றுவிட்டாளாம். "எங்க இருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டு, இன்னும் இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, அரிசிக்கு முன்னால் அந்தப் பெட்டிகளைத்தான் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

தேவை எப்போதும் வாய் திறந்து கேட்கும் என்று நினைத்துக்கொண்டு கொடுக்கிறோம், இல்லையா? வாய் திறக்க முடியாத தேவையும் அதே முகாமில்தான் இருக்கிறது. கொடுக்கிறவர்தான் முதலில் வெட்கத்தை விட வேண்டும்.

மச்சான் சொன்னதை சித்தி ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "அடுத்த லொறி எப்ப?"