வெள்ளைக்குச் சாயம் ஏற்றிய கமலா அக்கா

கமலா அக்கா போய்விட்டார். போன வாரம் பிடோக் வட்டாரத்திலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மாவோட ஆபீஸ்ல இருந்தவங்களுக்கெல்லாம் நீங்கதான் சொல்லணும் ஆன்ட்டி" என்றாள். செய்தியைச் சொல்வதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. உங்களில் பலர் பார்த்தது பிற்காலத்தில் மிடுக்காக வலம் வந்த மேற்பார்வையாளரை. நான் முதல் மாதத்துக் கமலா அக்காவைப் பார்த்தவள்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. கடைகளுக்கு உரிமம் கொடுக்கும் நம் அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கென்று இரண்டு கவுண்டர்கள். ஒன்றில் நான், பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த அக்கா. கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டில் கைக்குழந்தையும், வேலைக்குப் போக முடியாத மாமனாரும். வெள்ளைப் புடவையில் வந்து உட்காருவார். புதுக்கடை திறக்கப் போகிறவன் விதவையின் முன்னால் போய் நிற்பானா? என் வரிசை வாசல்வரை நீளும்; அவர் உட்கார்ந்து ஈ ஓட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தமிழ் தெரியாத தலைமை எழுத்தருக்குக் காரணம் புரியவில்லை. ஆள் வராத கவுண்டருக்கு எதற்குச் சம்பளம், மாதக் கடைசியில் முடிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை. "எனக்கு இந்த வேலை வேணும். பூவும் பொட்டும் கேக்கலை. ஆபீஸ்ல உக்கார்ற மாதிரி நாலு புடவை இருந்தா போதும்" என்றார். புதிது வாங்க வழியில்லை. துக்கத்துக்கு உறவுக்காரர்கள் போட்ட வெள்ளைப் புடவைகள்தான் பெட்டி நிறைய இருந்தன. சிராங்கூன் சாலையில் சாயப்பொடி வாங்கி, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறம் பானையைக் கொதிக்க வைத்தோம். சாம்பல், கரும்பச்சை, காப்பி நிறம். முதல் புடவை திட்டுத் திட்டாக வந்தது. நான் முகம் சுளித்தேன். "திட்டெல்லாம் கொசுவத்துக்குள்ள போயிடும். நீ கிண்டு லா" என்றார். மிஞ்சிய சாயத்தில் வெள்ளை ரவிக்கைகளையும் முக்கி எடுத்தோம். கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு அவர் வந்த காலையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. வெற்று நெற்றியைப் பார்த்து கிறிஸ்தவ வேதக்காரர் என்று நினைத்துக்கொண்டு, ஆட்கள் அவர் முன்னாலும் நிற்கத் தொடங்கினார்கள்.

வீட்டில் மட்டும், கவுண்டரில் வெள்ளை உடுத்தக் கூடாதென்று சட்டம் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். சந்தேகப்பட்ட மாமனார் ஒருநாள் நேரிலேயே வந்து என் முன்னால் நின்றார்.

"ஏம்மா, இங்க வெள்ளை உடுத்தக் கூடாதுன்னு சட்டமா?"

"ஆமாங்க ஐயா, ரொம்பக் கண்டிப்பு" என்று கூசாமல் சொன்னேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். நம் ஆண் எழுத்தர்கள் அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. "அப்ப இவங்கல்லாம் என்ன பச்சையா போட்டிருக்காங்க?" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். "சட்டம் ஒண்ணும் இல்லை மாமா. நான் சொன்ன பொய் அது. விதவைன்னு தெரிஞ்சா என் முன்னால யாரும் நிக்க மாட்டேங்கறாங்க. யாரும் நிக்கலன்னா வேலை போயிடும். உங்க பேத்திக்கு யாரு சோறு போடுவா?"

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு இதோ வரிசையிலதான் நிக்குது. கேளுங்க."

மாமனார் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன் பிறகு வெகுநாள் அவர் மருமகளோடு பேசவில்லை.

அக்கா உட்கார்ந்தார். அவர் யார் என்பது இப்போது வரிசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அக்காவின் வரிசையில் முதலில் நின்றவர் புதுக்கடைக்கு விண்ணப்பம் கொண்டுவந்தவர்; மெல்ல என் பக்கம் பார்த்தார். "அடுத்தவங்க வாங்க" என்றார் அக்கா. அந்த ஆள் அசையவில்லை. அக்கா தலையைத் தாழ்த்தவில்லை. அறை முழுவதும் கேட்கும்படி, "அடுத்தவங்க வாங்க" என்று மறுபடியும் கூப்பிட்டார். அந்த மனிதர் வந்து விண்ணப்பத்தை நீட்டினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். மாதக் கடைசியில் வேலை உறுதியானது.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த இரண்டாவது அழைப்பைத்தான். வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் என் முதல் குரலுக்கு யாரும் அசைந்ததில்லை. நானும் தலை நிமிர்ந்து இன்னொரு முறை கூப்பிட்டிருக்கிறேன். வந்திருக்கிறார்கள்.